நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்த அம்மா

அம்மாவின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இந்த மலரில் அம்மாவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று மாமா சொன்னார். மாமா, அம்மாவின் தம்பி. அப்பா இல்லாத எங்களைத் திண்டிவனத்தில் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவர். அவர் சொல்லி நான் எதையும் தட்டியதில்லை. அம்மா எதற்கும் அஞ்சாதவர், தைரியசாலி என்று நாலு வரி சேர்த்துக்கொள் என்றும் சொன்னார். அதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. அம்மா பயந்தவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் கண்மூடிய நாள்வரை ஏதாவது ஒரு பயம் அவர் கூடவே இருந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

அம்மா பிறந்தது வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். மழையை நம்பிய நிலம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் கேப்பையும்தான் வெள்ளாமை. வீட்டுக்கு மூத்த பெண். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்தார். கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். கோயில் திருவிழாவுக்குத் துணியில் எழுத்து எழுதுவதென்றால் அம்மாவைத்தான் கூப்பிடுவார்களாம். பத்தொன்பதாம் வயதில் விழுப்புரத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார்.

1993இல் அப்பா இறந்தார். அப்போது எனக்கு நான்கு வயது. விக்கிரவாண்டி தாண்டி ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு, ஏதோ சத்தம் கேட்கிறது என்று கீழே படுத்துப் பார்த்திருக்கிறார். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல் நழுவிவிட்டது. செய்தி சொல்ல வந்த கிளீனர் வாசலில் நின்று அழுதுகொண்டே, "கல்லு சின்னதா இருந்துச்சுக்கா" என்றாராம். அந்த ஒரு வாக்கியத்தை அம்மா கடைசிவரை மறக்கவில்லை.

அதன்பிறகு சக்கரம் வைத்த எதைக் கண்டாலும் அம்மாவுக்கு ஆகாது. நின்றிருக்கும் லாரிக்குப் பின்னால் நடக்கமாட்டார், சுற்றிக்கொண்டுதான் போவோம். ரோட்டைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடிப்பார். கடந்து முடித்தபிறகு பார்த்தால் நகம் பதிந்திருக்கும். காய்கறித் தள்ளுவண்டியை மேட்டில் நிறுத்தினால் அதற்கும் ஒரு கல் தேடி வைப்பார். தள்ளுவண்டிக்காரர் சிரிப்பார். எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்க மாமா இரண்டு முறை முயன்றார். இரண்டு முறையும் அம்மா தெருவில் உட்கார்ந்து அழுததால் விட்டுவிட்டார். எனக்கு இன்றும் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

அப்பா போனபின் அம்மா திண்டிவனத்தில் ஒரு அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஆலையின் களத்து ஓரமாக நீளமாக ஒரு மர அறை இருந்தது. வரிசையாக ஜன்னல்கள், வளைந்த கூரை, மேலே பூசிப் பூசித் தடித்துப்போன சுண்ணாம்பு. சாக்கு அடுக்க வைத்திருந்தார்கள். எல்லாரும் அதை டிராம் ரூம் என்றே சொன்னார்கள். சென்னையில் டிராம் ஓடுவது நின்றுபோன காலத்தில் ஆலை முதலாளியின் அப்பா ஒரு வண்டியின் மேல்கூட்டை மட்டும் வாங்கிவந்து நிறுத்தியது அது. சக்கரமில்லாத வண்டி என்பதால் அம்மாவுக்கு அதனிடம் பயமில்லை. மதியச் சாப்பாட்டை அதன் நிழலில்தான் சாப்பிடுவார். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் அதற்குள் சாக்கின்மேல் தூங்கியிருக்கிறேன்.

விழுப்புரத்துக்கு வெளியே ரோட்டோரமாகப் பழைய ரயில் வண்டிகளைச் சேர்த்து ஒரு அருங்காட்சியகம் வைத்திருந்தார் ஒருவர். எல்லாரும் அவரை ஐயா என்பார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்வோம். இந்த மர அறையைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒருநாள் ஆலைக்கு வந்தார். சுண்ணாம்பைக் கொஞ்சம் சுரண்டிக் காட்டச் சொன்னபோது பக்கத்தில் இருந்தவர் அம்மா. நெல் வழிக்கும் தகட்டை எடுத்து, மரத்தில் கீறல் படாமல் பொறுமையாகச் சுரண்டினார். சுண்ணாம்புக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே செங்காவி நிறம், அதன்மேல் மஞ்சளில் ஒரு எண்ணின் வால். ஐயா அந்த மஞ்சளைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போது அங்கிருந்த மாமா சொல்வார். வண்டியை வாங்கிய ஐயா, அம்மாவுக்கும் வேலை கொடுத்தார். டிரெய்லரில் ஏற்றிப் போகும் வண்டியோடு உட்கார்ந்து வரச் சொன்னார்கள். அம்மா மாட்டேன் என்று பஸ்ஸில் போனார்.

நாங்கள் விழுப்புரத்தில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனோம். அருங்காட்சியக ஷெட்டில் அம்மாவுக்கு வேலை சுரண்டுவது. சோடா கரைத்த வெந்நீரைத் துணியில் நனைத்து ஒற்றி, ஊறியபின் தகட்டால் வழிக்க வேண்டும். ஒரு ஜன்னல் சட்டத்துக்கே இரண்டு நாள் ஆகும். பலகை இடுக்கிலிருந்து வந்ததையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். கொண்டை ஊசி, ஓட்டைக் காலணா, பாதி கிழிந்த டிக்கெட், பால் பல் ஒன்று. பித்தளைக் கைப்பிடிகளைப் புளி போட்டுத் தேய்த்தார். அழிந்துபோன எழுத்துகளை, பழைய வளைவு மாறாமல் திரும்ப எழுதியவரும் அம்மாதான்.

மரவேலை கோட்டக்குப்பத்து காதர் பாயுடையது. படகு கட்டிப் பழகியவர். அம்மாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். மரத்தை உளிப் பிடியால் தட்டி, சத்தத்தை வைத்து உள்ளே கெட்டியா பொத்தலா என்று சொல்லிவிடுவார். ஒரு வருடத்தில் அம்மாவும் அப்படிச் சொல்ல ஆரம்பித்தார். இவர்கள் இருவருக்கும் மேலே ஒரு சூப்பர்வைசர் இருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அம்மா ஒருநாளும் அவர் பெயரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வருடம் வேறு எங்கிருந்தோ நான்கு சக்கரம் வந்தது. வண்டியைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்த நாளில் அம்மாவுக்குப் பழைய பயம் திரும்ப வந்துவிட்டது. ஷெட்டிலிருந்து கேட் பக்கமாக ஒரு இருநூறு அடி தூரத்துக்குத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவு. கேட்டுக்கு வெளியே லாரிகள் போய்க்கொண்டே இருக்கும் பெரிய ரோடு. காதர் பாயிடம் சொல்லி கருவேல மரத்தில் நான்கு கட்டைகள் செதுக்கி வாங்கிக்கொண்டார். சிவப்புப் பெயிண்ட் அடித்தார். நான்கு சக்கரத்துக்கும் தானே வைத்து, காலால் உதைத்துப் பார்த்த பிறகுதான் வண்டிக்கு அடியில் போவார். வேறு யாராவது வைத்திருந்தால் எடுத்துவிட்டு மறுபடி வைப்பார். ஷெட்டில் அவருக்குக் கட்டையம்மா என்றே பெயராகிவிட்டது.

டிராமைப் பார்வைக்கு விடும் திறப்பு விழாவுக்கு நாள் குறித்த சமயத்தில் காதர் பாய் தம் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போயிருந்தார். அப்போதுதான் அம்மா அதைக் கண்டுபிடித்தார். டிராமின் முன்பக்கம் டிரைவர் நிற்கும் மேடை. அதில் பித்தளைப் பிடி வைத்த ஒரு கம்பம் இருக்கும். அந்தப் பிடியைச் சுற்றினால் கீழே சங்கிலி இறுகி வண்டி நிற்கும், அதுதான் பிரேக். அந்தக் கம்பத்தைத் தாங்கும் சட்டத்தை அடியிலிருந்து தட்டியபோது சத்தம் சரியாக இல்லை. நகத்தால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. உள்ளே முழுக்கக் கரையான் தின்றிருந்தது, மேல்தோல் மட்டும் மரமாக இருந்தது.

சூப்பர்வைசரிடம் சொன்னார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "பாய் வர்ற வரைக்கும் உக்காந்துக்கினு இருந்தா ஃபங்ஷன் எப்படி நடக்கும்? மரத்தூளும் பசையும் போட்டு அடைச்சி பட்டி பாரு. மேல பெயிண்ட் வந்தா யாருக்குத் தெரியும்" என்றார்.

அம்மா, "தாங்குமா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

"நிறுத்தி வெக்கப் போற வண்டிதானே. உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

வேலை வேண்டியிருந்தது. வாடகை வீடு, படிக்கிற பெண், போய் நிற்க வேறு இடமில்லை. அம்மா மூன்று நாள் உட்கார்ந்து அதை அடைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், பெயிண்ட் அடித்தார். அம்மாவின் கைவேலை சுத்தமானது. திரும்பிவந்த காதர் பாய்க்கே அங்கே ஒரு ஓட்டை இருந்தது தெரியவில்லை.

அந்த நாட்களில் அம்மா சாப்பிடவில்லை. வேலைக்குப் போகுமுன் தினமும் கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டு நிற்பார். வீட்டில் அடுப்பங்கரைச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். என்னம்மா என்று கேட்டால் ஒண்ணும் இல்லை என்பார். நிறுத்தி வைக்கப் போகிற வண்டிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஏற்பாடு மாறியது. வண்டியை டிராக்டரால் மேல்முனைக்கு இழுத்துவந்து, பிள்ளைகளை ஏற்றி, சரிவில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மெதுவாக உருளவிடலாம் என்று ஐயா ஆசைப்பட்டார். அவருக்கு அடைத்த விஷயம் தெரியாது. சூப்பர்வைசர் சரிங்க ஐயா என்றார். ஏறும் பிள்ளைகளை எங்கள் பள்ளியிலிருந்து எடுத்தார்கள். இருபது பேர். என் அம்மா அங்கே வேலை செய்வதால் டீச்சர் என் பெயரைத்தான் முதலில் படித்தார். நான் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, யார் யார் பெயர் என்று கேட்டார். இருபது பெயரையும் சொன்னேன். ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார்.

விழா அன்று காலையில் நான் சீருடை போட்டு, ரிப்பன் கட்டி நின்றேன். அம்மா என் நெற்றியில் கைவைத்தார்.

"உனக்குக் காய்ச்சல்" என்றார்.

எனக்கு இல்லை என்றேன்.

"டீச்சர் கேட்டா காய்ச்சல்னு சொல்லிடறேன். நீ எங்கயும் போவக் கூடாது."

நான் அழுது புரண்டேன். கதவில் காலால் உதைத்தேன். அம்மா வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனைவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

அதன்பின் நடந்ததை நான் பார்க்கவில்லை. காதர் பாய் சொன்னதையும், கடைசி நாட்களில் அம்மா சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இரண்டு வேனில் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஷாமியானா, நாற்காலிகள், வெள்ளை வேட்டியில் விருந்தாளிகள். வண்டி மேல்முனையில் நின்றது. கட்டைகளை எடுத்துவிடும்படி சூப்பர்வைசர் சொல்லியும், அம்மா எடுக்காமல் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் விமலா அம்மாவைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். தன் தண்ணீர் பாட்டிலை அம்மா கையில் கொடுத்தாள். "ஆன்ட்டி, அவளுக்கு ரொம்ப காய்ச்சலா? அப்போ அவ இடத்துல நான் முன்னாடி நிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அம்மா பாட்டிலோடு ஐயாவிடம் போனார். வாய் திறந்தார், சத்தம் வரவில்லை. சூப்பர்வைசர், அப்புறம் பேசலாம் போம்மா என்று நகர்த்தினார். அம்மா நேராகக் காதர் பாயிடம் வந்து, "பாய், உளி குடுங்க" என்றார். எதற்கு என்று பாய் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக் கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னார். அம்மா குனிந்து மேடைக்கு அடியில் போய், தான் அடைத்த இடத்தில் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு அடி அடித்தார். உளி பிடிவரை உள்ளே போனது. வெளியே இழுத்ததும் மரத்தூளும் கரையான் மண்ணும் பொலபொலவென்று கொட்டின.

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா, "நான்தாங்க பூசினேன். உள்ள மரமே இல்லீங்க" என்றார். அவ்வளவுதான். தண்டவாளத்துப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

யார் சொல்லிப் பூசினாய் என்று ஐயா கேட்டார். அம்மா வாய் திறக்கவில்லை. சூப்பர்வைசர் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். பிள்ளைகளுக்கு லட்டு கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். விருந்தாளிகள் நின்ற வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஐயா சொல்லிவிட்டார். அம்மா வந்து கதவைத் திறந்தபோது நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் பள்ளியில் எல்லாரும், உங்க அம்மாவாலதான் நின்னுபோச்சு என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து அதையே அம்மாவிடம் சொன்னேன். "உன்னாலதான்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. என்ன நடந்தது என்று அவரும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காதர் பாய் அந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தார். பிரேக் கம்பத்தைப் பிடித்திருந்த போல்ட்டுகள் அம்மா அடைத்த மரத்தூள் பட்டியில் மட்டும்தான் நின்றிருந்தன. ஒன்றைக் கையாலேயே உருவி எடுத்து ஐயாவின் மேசையில் வைத்தாராம். அந்தப் பிடியை ஒருமுறை இறுக்கிச் சுற்றியிருந்தால் கம்பம் கையோடு வந்திருக்கும் என்றாராம்.

நாங்கள் மறுபடி திண்டிவனம் வந்தோம். அம்மா பழைய ஆலைக்கே போனார். அந்த மாதங்களில் அவர் பட்ட பயம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போலீஸ் வரும், கேஸ் போடுவார்கள், என்னை எங்காவது விடுதியில் சேர்த்துவிடுவார்கள் என்று நினைத்தார். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஒருநாள் மாலை மாமா வீட்டு வாசலில் ஐயாவின் கார் வந்து நின்றது. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கொல்லையில் விறகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் இல்லை என்று சொல்லும்படி மாமாவுக்குக் கைகாட்டினார். மாமா போய்ப் பேசிவிட்டு வந்து, "அக்கா, அவரு தனியாத்தான் வந்திருக்காரு. நீ வந்தாதான் காப்பி குடிப்பேன்றாரு" என்றார்.

அம்மா வெளியே வந்தபோது முந்தானையெல்லாம் விறகுச் செதில். காதர் பாய் ஐயாவிடம் போய், அந்தம்மா யாரும் சொல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்காது, விசாரியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசர் இப்போது வேலையில் இல்லை என்று ஐயா சொன்னார். தான் விசாரிக்காமல் அனுப்பியது தப்பு, திரும்ப வரவேண்டும் என்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவரிடம் அம்மா அவ்வளவு நீளமாகப் பேசியது அந்த ஒருமுறைதான்.

"வர்றேங்க. ஆனா நான் எதை அடைச்சாலும் முன்னாடி பாய் பாக்கணும். வண்டி உருள்ற நாள்ல எல்லாம் கட்டையை எடுத்துக்கினு நான் பக்கத்துலயே நடக்கணும். இந்த ரெண்டுக்கும் ஒத்துக்கினீங்கன்னா வர்றேன்."

ஒத்துக்கொண்டார். புதுத் தேக்கில் சட்டம் செய்து மாட்ட ஒரு வருடம் ஆனது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி ஓடியது. அந்த இருநூறு அடியை அம்மா சேலைக்குமேல் காக்கிச் சட்டையோடு, கையில் சிவப்புக் கட்டையோடு, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்தே கடந்தார். ஒரு ஞாயிறுக்கு எட்டு நடை, பத்து நடை. ஒருமுறைகூட அந்தக் கட்டை தேவைப்படவில்லை. பிரேக் சரியாகவே பிடித்தது. ஆனாலும் மழையோ காய்ச்சலோ, அம்மா ஒரு ஞாயிறுகூட வீட்டில் இருந்ததில்லை. பூசையைச் சனிக்கிழமை சாயங்காலமே பார்த்துவிடுவார். ஒருநாளும் அவர் அந்த வண்டியில் ஏறியதில்லை. ஐயா எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார்.

நான் கல்லூரியில் படித்தபோது தோழிகளைச் சுற்றிப்பார்க்கக் கூட்டிவந்தேன். வண்டியோடு ஓட்டமும் நடையுமாக வந்த அம்மாவைப் பார்த்து ஒருத்தி சிரித்து, யார் இவங்க என்று கேட்டாள். இங்கே வேலை செய்யறவங்க என்று சொன்னேன். ஜன்னலுக்குக் கீழேயே நடந்துகொண்டிருந்த அம்மாவுக்கு அது கேட்டது. வீட்டுக்கு வந்ததும், உன் கூட வந்த பிள்ளைங்க சாப்பிட்டாங்களா என்று மட்டும் கேட்டார். இதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

குயிலாப்பாளையம் பக்கம் ஒரு தோப்பில் கோழி அடைக்க வைத்திருந்த இன்னொரு டிராம் பின்னால் கிடைத்தது. காதர் பாய்க்கு அப்போது கண் மங்கிவிட்டது. அதனால் அந்த வண்டியை முழுவதும் முன்னின்று செய்தது அம்மாதான். ஒவ்வொரு சட்டத்தையும் தட்டிப் பார்த்து, சந்தேகப்பட்டதில் எல்லாம் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டார். பாதி வண்டி பெருக்கல் குறியாக இருந்தது. செலவைப் பார்த்த கணக்குப்பிள்ளை முணுமுணுத்தார். அம்மாவின் குறியை அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இன்றும் அந்த இரண்டு வண்டிகளும் ஓடுகின்றன. என் மகன் மூன்று வயதில் அவற்றில் ஒன்றில் ஏறினான். அன்றைக்கு மட்டும் அம்மா இரண்டு கையிலும் இரண்டு கட்டை வைத்துக்கொண்டு நடந்தார்.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்தபின் வேலையை விட்டார். எத்தனை வருடம் பெயிண்ட் தூசியில் இருந்தார் என்று டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசி ஆறு வாரம் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மா அமைதியாக இறைவனில் இளைப்பாறினார் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறோம். அந்த வரியை நான்தான் எழுதிக் கொடுத்தேன், அது முழு உண்மையில்லை. அம்மா பயந்துகொண்டே இருந்தார். என் கையை விடவே மாட்டார். நான் டீ குடிக்கப் போனால்கூட நர்ஸைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்வார். சாகப் பயமா என்று கேட்டேன். அதுக்கில்லை என்றார். அப்போதுதான் அதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அன்னைக்கு உன்னைப் பூட்டிட்டுப் போனப்போ, நான் யார்கிட்டயும் எதையும் சொல்லணும்னு போகல. நீ மட்டும் ஏறாம இருந்தா போதும்னுதான் போனேன். மத்த பத்தொன்பது பேரையும் நானே தூக்கி ஏத்திவிட்டிருப்பேன். அந்தப் பொண்ணு வந்து கேக்கலன்னா ஏத்தியிருப்பேன்."

நீ ஏற்றவில்லையே அம்மா என்றேன். கடைசியில் சொல்லிவிட்டாயே என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். வீட்டிலிருந்து ஷெட்வரை நடந்த அந்த ஒரு மணி நேரம், வழியில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஞாபகம் வந்ததாம். வந்தும் நடந்துகொண்டேதான் இருந்தாராம். ஆண்டவர் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார் என்றார். பங்குச் சாமியாரை வரவழைத்தோம். அவர் பாவசங்கீர்த்தனம் கேட்டு, நெடுநேரம் பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படுவது பாவமில்லை என்று சொன்னார். அம்மா அவருக்கு நன்றி சொன்னார். அவர் போனதும் என்னிடம், சாமிகிட்ட சொல்லிட்டேன், அந்தப் பசங்களோட அம்மாங்ககிட்ட இன்னும் சொல்லல என்றார். இரண்டு நாள் கழித்து, காலைப் பூசை மணி அடிக்கும் நேரத்தில் அம்மா எங்களை விட்டுப் போனார்.

அம்மாவின் நோயிலும் அடக்கத்திலும் உடனிருந்தவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அக்காவுக்காகத் தன் வயலை ஒத்திக்கு வைத்த மாமாவுக்கும் மாமிக்கும் என்ன சொன்னாலும் போதாது. கண் தெரியாமலும் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு கல்லறைவரை நடந்துவந்து முதல் பிடி மண் போட்ட காதர் பாய்க்கும், வேலையை விட்டபிறகும் மாதாமாதம் வீடு தேடி வந்து விசாரித்த ஐயாவுக்கும், ஆஸ்பத்திரியில் தம் சாப்பாட்டு நேரத்தை எல்லாம் அம்மாவின் கட்டிலருகில் கழித்த அந்த இளம் நர்ஸுக்கும், பாடகர் குழுவினருக்கும், இந்த மலரை அச்சிட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரைப் பத்தொன்பது வீடுகளுக்கு நானே நேரில் கொண்டுவருகிறேன். என்னோடு படித்த எல்லாருடைய முகவரியையும் விமலாதான் தேடிக் கொடுத்தாள். அந்த வீடுகளில் இருக்கும் தாய்மார்களே, நீங்கள் அன்று காலை ரிப்பன் கட்டி அனுப்பிய உங்கள் பிள்ளைகள் மாலையில் பத்திரமாக வீடு திரும்பினார்கள். அதனால் உங்களுக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. ஒரு மணி நேரம் என் அம்மா உங்கள் பிள்ளைகளை விட்டுக்கொடுக்க இருந்தார். அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்னைத்தான் அவர் காப்பாற்ற நினைத்தார், அதனால் கேட்க வேண்டியவள் நான்தான். எங்கள் அம்மாவை மன்னித்துவிடுங்கள்.